வீட்டை விற்காமல் வேலையை விடுவது: வாடகையா, கடனா, ஒத்தியா?

இரண்டு மூன்று வீடு வாங்கி வாடகைக்கு விட்டவர்கள், ஐம்பது வயதுக்கு முன்பே வேலையை விடலாமா என்று யோசிக்கும்போது ஒரு விசித்திரமான இடத்தில் வந்து நிற்கிறார்கள். சொத்துப் பட்டியல் எழுதினால் பணக்காரர். சம்பளம் நின்றால் அடுத்த மாதத் தவணைக்கே திண்டாட்டம். பணம் இருக்கிறது, ஆனால் செங்கல்லாக இருக்கிறது. விற்றால் வரி, தரகு, பத்திரச் செலவு. விற்ற பிறகு விலை ஏறினால் வயிற்றெரிச்சல் வேறு. அதனால்தான் விற்காமலே வாழ வழி உண்டா என்று தேடுகிறார்கள்.

வழிகள் உண்டு. பேர் பல இருந்தாலும் பெரும்பாலானவை மூன்று கிளைகளில் அடங்கிவிடும்: வாடகையில் வாழ்வது, சொத்தின் மேல் கடன் வாங்கி வாழ்வது, குடியிருப்பவரிடம் மொத்தமாக ஒரு தொகை வாங்கி அதன் வருமானத்தில் வாழ்வது. இவற்றை எடைபோட நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். சம்பளம் இல்லாத முதல் மோசமான வருடத்தில் இந்த வழி யார் தயவில் நிற்கிறது? நல்ல வருடத்தில் எல்லா வழியும் நன்றாகத்தான் இருக்கும்.

கீழே வரும் எண்களில் ஒரு வீட்டின் விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு மாறாது.

வாடகையில் வாழ்வது

இது பழைய வழி, பேசுவதற்குக் கவர்ச்சி இல்லாத வழி. கடனை அடை, வரும் வாடகையில் செலவு போக மிச்சத்தை வைத்துக் குடும்பத்தை நடத்து, அவ்வளவுதான். சறுக்குவது "செலவு போக" என்ற இடத்தில். அமெரிக்க முதலீட்டாளர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: கடன் தவணையைச் சேர்க்காமலே, வரும் வாடகையில் பாதி சொத்து வரி, காப்பீடு, பழுது, காலியாகக் கிடக்கும் மாதங்கள், பராமரிப்பு ஆள் என்று போய்விடும். சொத்து வரி குறைவான இடங்களில் பாதி என்பது மிகை. ஆனால் முழு வாடகையையும் வருமானமாக எழுதிக்கொண்டு வேலையை விடுபவரைவிட, பாதியை எழுதிக்கொண்டு விடுபவர் நிம்மதியாகத் தூங்குவார்.

இப்போது கடன் உள்ள நிலையைப் பார்ப்போம். நான்கு வீடுகள், மொத்த மதிப்பு 400. கடன் 200. வட்டி 7 சதவீதம் என்றால் வருடத்துக்கு 14. செலவு போக வீட்டுக்கு 4 என்று நிகர வாடகை 16. மிச்சம் 2. அசலையும் சேர்த்துக் கட்டினால் அந்த 2 கூடக் கையில் தங்காது. மதிப்பில் 200 சொந்தமாக இருந்தும் மாதச் செலவுக்கு ஒன்றுமில்லை.

இதே ஆள் இரண்டு வீடுகளை விற்று 200 கடனையும் அடைத்தால்? வீடு இரண்டுதான், ஆனால் வருடத்துக்கு 8 கையில் நிற்கும். முன்பைவிட நாலு மடங்கு. விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரி இதில் ஒரு துண்டைக் கடித்துக்கொள்ளும் என்பது உண்மை. கடித்த பிறகும் 2ஐவிட நிறையவே இருக்கும். தலைப்புக்கு எதிராகப் பேசுகிறேன் என்று தெரியும். ஆனாலும் நிகர வாடகை விகிதம் கடன் வட்டியைவிடக் குறைவாக இருக்கும் இடத்தில், "ஒன்றையும் விற்க மாட்டேன்" என்பது பல நேரம் கணக்கு அல்ல, பிடிவாதம். நான்கு வீட்டுக்காரர் என்ற பேருக்காக இன்னும் பத்து வருடம் வேலைக்குப் போவது அவரவர் விருப்பம்.

சரி, விற்கவே கூடாது என்றால் வேலையில் இருக்கும்போதே கடனைச் சாய்க்க வேண்டும். இங்கே பலர் வட்டி அதிகமான கடனை முதலில் அடைக்கிறார்கள். மொத்த வட்டியைக் குறைக்க அதுதான் சரி. சீக்கிரம் வேலையை விடுவதுதான் குறி என்றால் வேறொரு வரிசை உதவும். ஒவ்வொரு கடனிலும் பாக்கியை மாதத் தவணையால் வகுத்துப் பாருங்கள். எந்தக் கடனில் விடை மிகச் சிறியதோ அதை முதலில் முடியுங்கள். போட்ட பணத்துக்கு அதிக மாதத் தவணையை விடுவிப்பது அந்தக் கடன்தான். வேலையை விடும் நாளைத் தீர்மானிப்பது மாதம் எவ்வளவு வெளியே போகிறது என்பதே தவிர, வாழ்நாளில் எவ்வளவு வட்டி மிச்சமானது என்பது அல்ல.

வாடகை வருமானத்துக்கு வரி உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் வாடகைக்கு விட்ட வீட்டுக்கு, கட்டிய நகராட்சி வரி போக மீதியில் 30 சதவீதத்தை நேரடியாகக் கழித்துக்கொள்ளலாம். பழுது பார்த்தீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பிரிட்டனில் நிலைமை வேறு. தனிநபர்கள் வீட்டுக் கடன் வட்டியை வாடகையிலிருந்து கழிக்கும் உரிமை 2017 ஏப்ரலில் படிப்படியாகக் குறைய ஆரம்பித்து 2020 ஏப்ரலில் முழுவதும் போனது. அதற்குப் பதில் 20 சதவீத அளவில் ஒரு வரித் தள்ளுபடி மட்டுமே. கடனோடு ஓய்வு பெற நினைத்த பலரின் கணக்கு அங்கே ஒரே சட்டத்தில் மாறியது. கடன் இல்லாதவர்களுக்கு எதுவும் மாறவில்லை.

இந்த வழி வாடகைக்காரர்கள் தயவில் நிற்கிறது. ஒருவர் காலி செய்தால் அந்த வீட்டின் பங்கு மட்டும்தான் நிற்கும், எல்லாம் ஒரே நாளில் நிற்காது. அதுதான் இதன் பலம். ஒரே ஒரு வீட்டை நம்பி வேலையை விடுபவருக்கு இந்தப் பலம் கிடையாது.

சொத்தின் மேல் கடன் வாங்கி வாழ்வது

இப்போது கவர்ச்சியான வழி. வீட்டின் மதிப்பு வருடா வருடம் ஏறுகிறது. ஏறிய மதிப்பில் ஒரு பகுதியை வங்கியில் அடமானக் கடனாக எடுத்துச் செலவு செய். வீடு உன்னிடமே இருக்கும். கடன் வாங்கிய பணம் வருமானம் இல்லை என்பதால் அதற்கு வருமான வரியும் இல்லை. பெரும் பணக்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள் என்று சொல்வார்கள். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் எட்வர்ட் மெக்காஃப்ரி இதற்கு வைத்த பெயர் பிரபலம்: வாங்கு, கடன் எடு, செத்துப்போ.

அந்த மூன்றாவது படி அமெரிக்கச் சட்டத்தோடு ஒட்டியது. அங்கே உரிமையாளர் இறந்தால், வாரிசின் கணக்கில் சொத்தின் அடக்க விலை, அதாவது லாபத்தைக் கணக்கிட வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளும் தொகை, அன்றைய சந்தை விலைக்கு உயர்ந்துவிடும். அதுவரை ஏறிய மதிப்புக்கு ஆதாய வரி கிடையாது. கனடாவில் அப்படி இல்லை: இறந்த அன்றே சொத்தைச் சந்தை விலைக்கு விற்றதாகக் கருதி வரி போடுவார்கள், பெரும்பாலும் துணைவருக்குப் போகும் சொத்துக்கு மட்டும் அது தள்ளிப்போகும். இந்தியாவில் வாரிசுக்குப் பழைய உரிமையாளரின் அடக்க விலையே வரும். அவர் விற்கும்போது வரி காத்திருக்கும். பிரிட்டனில் அமெரிக்கா மாதிரி அடக்க விலை உயரும், ஆனால் 3,25,000 பவுண்ட் வரம்பைத் தாண்டிய சொத்துக்குப் பொதுவாக 40 சதவீதப் பரம்பரைச் சொத்து வரி. அமெரிக்காவில் பேசப்படும் உத்தியை அப்படியே வேறொரு நாட்டில் நட்டுவைத்தால் வேர் பிடிக்காது.

வரியை விடுங்கள். கணக்கு தாங்குமா என்று பார்ப்போம். மதிப்பு 100, கடன் இல்லை. வாடகை அதன் செலவுகளுக்கே சரியாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு மதிப்பில் 4 சதவீதம் கடனாக எடுக்கிறீர்கள், விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகை வருடம் 4 சதவீதம் கூடுகிறது. வீட்டு விலையும் வருடம் 4 சதவீதம் ஏறுகிறது. கடன் வட்டி 8 சதவீதம், அதைக் கட்டாமல் கடனிலேயே சேர்த்துக்கொள்கிறீர்கள். 12ஆம் வருட முடிவில் கடன், வீட்டு மதிப்பில் 57 சதவீதம். 13ஆம் வருடத்தில் 63. வங்கி 60 சதவீதம் வரைதான் தரும் என்றால் 45 வயதில் வேலையை விட்டவர் 57, 58 வயதில் சுவரில் முட்டுகிறார். திரும்ப வேலை தேடுவதற்கு அதைவிட மோசமான வயது கிடையாது.

வட்டி 5 சதவீதமாக இருந்தால்? பெரிய மாற்றம் வரும் என்றுதான் தோன்றும். ஆனால் 14ஆம் வருடத்தில் 57 சதவீதம், 15ஆம் வருடத்தில் 62. வட்டியில் 3 புள்ளி குறைந்தும் கிடைத்தது ஏறக்குறைய இரண்டு வருடம்தான். மாறாக, வட்டி அதே 8ஆக இருக்கட்டும், எடுக்கும் தொகையை 4லிருந்து 2ஆகக் குறையுங்கள். 60 சதவீதத்தைத் தொட 21 வருடம் ஆகும். வட்டியும் 5, எடுப்பதும் 2 என்றால் 27 வருடத்துக்கு மேல்.

இந்த வழியைப் பற்றிப் பேசுபவர்கள் வட்டி விகிதத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எடுக்கும் தொகைதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. மாதச் செலவின் பெரும்பகுதியை வாடகை தாங்கி, துண்டு விழுவதை மட்டும் கடன் நிரப்பினால் இது நீண்ட நாள் ஓடும். முழுச் செலவையும் கடன் தாங்கினால் ஓடாது.

இது சீரான விலையேற்றத்தோடு போட்ட கணக்கு. நிஜத்தில் விலை படிக்கட்டு மாதிரி ஏறும், சில நேரம் இறங்கும். அமெரிக்காவில் 2006 உச்சத்திலிருந்து 2012 வரை தேசிய அளவில் வீட்டு விலை கால் பங்குக்கு மேல் விழுந்தது. ஜப்பானில் 1991க்குப் பிறகு நிலத்தின் விலை பத்து வருடத்துக்கும் மேலாக இறங்கிக்கொண்டே போனது. விலை இறங்கும்போது வங்கி என்ன செய்யும் என்பதற்கு 2008 பாடம்: பல அமெரிக்க வங்கிகள் ஏற்கெனவே அனுமதித்திருந்த அடமான ஓவர்டிராஃப்ட் வரம்புகளை (வீட்டை ஈடாக வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன்) வெட்டின, சிலவற்றை முடக்கின. பணம் தேவைப்படும் நேரமும் வங்கி பயப்படும் நேரமும் ஒன்றாகவே வரும்.

வட்டியும் அப்படித்தான். அமெரிக்க மத்திய வங்கியின் விகிதம் 2022 மார்ச்சில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தது. 2023 ஜூலையில் 5.25 முதல் 5.50 சதவீதம். பிரிட்டனில் 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1, 2023 ஆகஸ்டில் 5.25. இந்தியாவில் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதம் 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 4லிருந்து 6.5. கட்டாமல் சேர்த்துக்கொள்ளும் கடனில் வட்டி உயர்வு சுவரைக் கொஞ்சம் முன்னே தள்ளும். மாதாமாதம் வட்டி கட்ட வேண்டிய கடனில் அது நேராகச் சாப்பாட்டுச் செலவில் கைவைக்கும். பெரும்பாலான வங்கிகள் கொடுப்பது இரண்டாவது வகை.

இன்னொரு விஷயம், வங்கி சம்பளச் சீட்டுக்குத்தான் கடன் கொடுக்கிறது, வீடு அதற்கு ஈடு. வேலையை விட்ட மறுமாதம் போய் நின்றால் அதே வீடு, அதே மதிப்பு, ஆனால் கதவு பாதிதான் திறக்கும். விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்காவில் கடன் தரும் சில நிறுவனங்கள் ஆளின் சம்பளத்தைப் பார்க்காமல், வாடகை தவணையைப்போல் ஒன்றே கால் மடங்கு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். வட்டி சற்றுக் கூடுதல். இந்தியாவில் வணிகக் கட்டடம் வைத்திருப்பவர்கள் வரப்போகும் வாடகையையே ஈடாகக் காட்டிக் கடன் வாங்கலாம். வாடகை நேராக வங்கிக் கணக்குக்குப் போய், தவணை போக மீதிதான் உங்களுக்கு. கட்டடத்தை எடுத்திருப்பது நல்ல நிறுவனமாக, ஒப்பந்தம் நீண்டதாக இருந்தால்தான் இது நடக்கும். குடியிருப்பு வீடுகளுக்குச் சுலபமில்லை.

வட்டி மட்டும் கட்டும் கடனையும் இங்கேயே சொல்லிவிடலாம். அசல் கட்டாததால் தவணை குறையும், வாடகையில் மிச்சம் தெரியும். பிரிட்டனில் வாடகை வீட்டுக் கடன்களில் இதுதான் வழக்கம். ஆனால் காலம் முடியும் நாளில் முழு அசலும் நிற்கும். புதுக் கடன் அல்லது விற்பனை, இரண்டில் ஒன்று. ஆஸ்திரேலியாவில் 2017 மார்ச்சில் ஒழுங்குமுறை அமைப்பு, வங்கிகள் புதிதாகத் தரும் வீட்டுக் கடனில் இந்த வகை 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தது. 2019 ஜனவரியில்தான் அது விலகியது. இடைப்பட்ட காலத்தில் கடனைப் புதுப்பிக்க வேண்டியிருந்தவர், ஒழுங்காகக் கட்டியவராக இருந்தாலும், இறுகிய வாசலில்தான் நிற்க வேண்டியிருந்தது.

வரியில் ஒரு கண்ணி. வீடு வாங்க எடுத்த கடனின் வட்டியைக் கழிக்க முடிகிற நாட்டிலும், அதே வீட்டின் மேல் குடும்பச் செலவுக்காக எடுத்த கடனின் வட்டியைப் பொதுவாகக் கழிக்க முடியாது. எதை அடமானம் வைத்தீர்கள் என்பதைவிட, பணம் எதற்குப் போனது என்பதையே வரித்துறை பார்க்கும். இரண்டையும் ஒரே கணக்கில் கலந்து வைத்தால் பிறகு பிரிப்பது நரகம். தொடக்கத்திலேயே தனிக் கணக்காக வையுங்கள்.

ஒத்தி

மாத வாடகை வேண்டாம், மொத்தமாக ஒரு தொகை கொடு, காலம் முடிந்து போகும்போது அப்படியே திருப்பித் தருகிறேன் என்பது ஒத்தி. தமிழர்களுக்குப் புதிதில்லை. இதை ஒரு நாட்டளவில் நடத்திப் பார்த்தது தென் கொரியா. அங்கே ஜோன்சே என்பார்கள். வீட்டு மதிப்பில் பாதிக்கு மேல் முன்பணமாகக் கொடுத்துவிட்டு, பொதுவாக இரண்டு வருடம் மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது. வைப்பு வட்டி நன்றாக இருந்த காலத்தில் உரிமையாளருக்கு இது அருமையான ஏற்பாடு. வட்டி விழுந்தபோது பலர் மாத வாடகைக்கு மாறினார்கள்.

வேலையை விட நினைப்பவருக்கு இதன் ஆசை புரிகிறது. வங்கியிடம் சம்பளச் சீட்டு காட்ட வேண்டாம், தவணை இல்லை, மாதாமாதம் வாடகை வசூலிக்கும் தொல்லையும் இல்லை. பணத்தை வைப்பில் போட்டு வட்டியில் வாழலாம். அப்படிப் போட்டவரைக்கும் இது பாதுகாப்பான வழிதான். யாரும் அப்படிப் போடுவதில்லை என்பதுதான் சிக்கல். அந்தப் பணத்தில் இன்னொரு வீடு, அந்த வீட்டு ஒத்திப் பணத்தில் மூன்றாவது வீடு என்று போவார்கள். பழையவருக்குத் திருப்பித் தரும் பணம் புதியவரிடமிருந்து வர வேண்டும். புதியவர் குறைவாகக் கொடுத்தால் கதை முடிந்தது. கொரியாவில் 2022இல் வட்டி ஏறி முன்பணத் தொகைகள் விழுந்தபோது இதுதான் நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை இப்படிச் சேர்த்து வைத்திருந்த ஒருவர் அந்த வருடம் இறந்துபோக, குடியிருந்தவர்கள் பணத்துக்காக அலைந்தார்கள். 2023இல் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

வாங்கிய தொகை முழுவதையும் தொடாமல் வைக்கும் கட்டுப்பாடு உள்ளவருக்கு, ஒரே ஒரு வீட்டில் மட்டும் என்றால், சரி. மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். செலவாவது இன்னொரு குடும்பத்தின் சேமிப்பு.

தலைகீழ் அடமானம்

வயதானவர் குடியிருக்கும் வீட்டை ஈடாக வைத்து வங்கி அவருக்குப் பணம் தரும், அவர் அங்கே வாழும்வரை கடனைத் திருப்பிக் கட்ட வேண்டாம் என்பது தலைகீழ் அடமானம். இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, ஏனென்றால் சீக்கிரம் ஓய்வு பெறுபவருக்கு இது கிடைக்காது. அமெரிக்க அரசின் காப்பீட்டோடு வரும் திட்டத்துக்கு 62 வயது. இந்தியாவில் 60. பிரிட்டனில் 55. சிங்கப்பூரில் அரசு அடுக்ககத்தின் கடைசிக் காலக் குத்தகையை அரசுக்கே திருப்பி விற்கும் திட்டத்துக்கு 65. பெரும்பாலும் நீங்களே குடியிருக்கும் வீட்டுக்குத்தான் பொருந்தும், வாடகைக்கு விட்டதற்கு அல்ல. ஆனால் திட்டத்தின் கடைசிப் பகுதியில் இதற்கு ஓர் இடம் உண்டு: 45 வயதுக்காரர் போடும் கணக்கு 90 வயது வரை ஓட வேண்டியதில்லை, ஓய்வூதியமும் இதுவும் தொடங்கும் வயது வரை தாங்கினால் போதும். பதினைந்து வருடப் பாலம் கட்டுவதும் நாற்பத்தைந்து வருடப் பாலம் கட்டுவதும் வேறு வேறு வேலை.

எதை எடுப்பது

என் தேர்வு வாடகைதான். அரிசி, மருந்து, பள்ளிக் கட்டணம், காப்பீடு போன்ற தவிர்க்க முடியாத செலவுகளைக் கடன் இல்லாத வீடுகளின் நிகர வாடகை தாங்க வேண்டும். அந்த அளவுக்கு எத்தனை வீட்டில் கடனை முடிக்க வேண்டுமோ அத்தனையை முடிக்கும்வரை வேலையை விடக் கூடாது. மீதி வீடுகளில் கடன் இருக்கலாம், அவற்றின் வாடகை அவற்றின் தவணையைக் கட்டினால் போதும். ஆஸ்திரேலிய வங்கிகள் 2021 முதல் கடன் கேட்பவர் இன்றைய வட்டியைவிட 3 புள்ளி கூடினாலும் கட்டுவாரா என்று சோதிக்கின்றன. உங்கள் நாட்டு வங்கி கேட்காவிட்டாலும் அந்தச் சோதனையை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அடமான ஓவர்டிராஃப்ட்டை வருமானமாக நினைக்காமல் குடையாக வைத்துக்கொள்ளலாம். வேலையில் இருக்கும்போதே வங்கியிடம் உண்மையைச் சொல்லி வாங்கி, தொடாமல் வைப்பது. ஒரு வீடு ஆறு மாதம் காலியாகக் கிடந்தாலோ கூரை பெயர்ந்தாலோ எடுத்து, வாடகை திரும்பியதும் கட்டிவிடுவது. வங்கி அதை முடக்கலாம் என்பதால், ஒரு வருடச் செலவாவது ரொக்கமாகத் தனியே இருக்க வேண்டும்.

விலை வேகமாக ஏறுகிற ஊரில் வாடகை விகிதம் மிகக் குறைவாக இருப்பவர்களுக்கு இது கசக்கும். அவர்களுடைய செல்வம் முழுக்க விலையேற்றத்தில் இருக்கிறது. கடன் வழியின் ஆசை அவர்களுக்குத்தான் அதிகம். அவர்களுக்கு நான் சொல்வது, வருடத்துக்கு மதிப்பில் 2 சதவீதத்துக்கு மேல் எடுக்காதீர்கள், மொத்தக் கடன் 40 சதவீதத்தைத் தொட்டதும் ஒரு வீட்டை விற்றுவிடுங்கள். அந்த எல்லையைச் சம்பளம் வரும்போதே தாளில் எழுதி, வீட்டில் உள்ளவர்களிடமும் காட்டிவிடுங்கள். நெருக்கடியில் எழுதும் எல்லை நகர்ந்துகொண்டே போகும்.

கடைசியாக ஒரு வேலை. ராஜினாமாக் கடிதத்துக்கு முன் ஒரு வருடம், சம்பளம் முழுவதையும் கடன் அடைப்புக்குத் திருப்பிவிட்டு, நிகர வாடகையில் மட்டும் குடும்பத்தை நடத்திப் பாருங்கள். அந்த ஒரு வருடத்தில் ஒரு வீடாவது காலியாகும், ஒரு பம்பாவது பழுதாகும். அப்படி எதுவுமே நடக்காமல் வருடம் சுமுகமாக ஓடிவிட்டால், நானாக இருந்தால் இன்னொரு வருடமும் ஓட்டிப் பார்ப்பேன்.